சிபேப் மெஷினோடு முதல் மாதம்: வேலூர், ஆம்பூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சிபேப் மெஷினை வாங்கிவிட்டுப் பாதியில் மூட்டை கட்டிப் பரண் மேல் போட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். மூக்குத்தி குத்துகிறது, தொண்டை காய்கிறது, கரண்ட் போனால் நின்றுவிடுகிறது, நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கும்போது யார் மாட்டுவது என்பார்கள். எல்லாமே சின்னச் சின்ன இடைஞ்சல்கள்; எல்லாவற்றுக்கும் வழி உண்டு. ஆனால் முதல் மாதத்திலேயே அவற்றைச் சரிசெய்யாவிட்டால் மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விடும். எனவே இந்தக் கட்டுரை அந்த முதல் மாதத்தைப் பற்றியது.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான் தூக்க மூச்சுத்திணறல், அதாவது ஸ்லீப் ஆப்னியா. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி உடம்பை உசுப்பும். காலையில் நமக்கு எதுவும் நினைவிருக்காது, அசதி மட்டும் மிஞ்சும். சிபேப் மெஷின் அறைக் காற்றையே மெல்லிய அழுத்தத்தில் செலுத்தி அந்தப் பாதையைத் திறந்து வைக்கிறது. கொரோனா காலத்தில் பார்த்த ஆக்சிஜன் மெஷின் வேறு, இது வேறு.

1980-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் இந்த முறையை முதன்முதலாகச் செய்து பார்த்தார். 1981-ல் லான்செட் இதழில் வெளியிட்டார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழி. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருக்கலாம் என்று எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல் கணித்தார்கள். ஆகவே மாஸ்க் மாட்டிக்கொள்ளக் கூச்சப்பட வேண்டியதில்லை.

1. பரிசோதனை முதலில், மெஷின் அப்புறம்

குறட்டை, பகல் தூக்கம், காலைத் தலைவலி, இரவில் அடிக்கடி சிறுநீர், மாத்திரைக்கு அடங்காத பிரஷர் ஆகியவை இருந்தால் தூக்க ஆய்வு செய்ய வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கத்தவர்களுக்கு அருகில் உள்ள பெரிய இடம் வேலூர் சிஎம்சி. 2022 முதல் அதற்கு ராணிப்பேட்டையிலும் வளாகம் இருப்பதால், அப்பாயின்ட்மென்ட் போடும்போதே எந்த வளாகத்துக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும். முதலில் இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவரைப் பார்த்து, ஆய்வுக்கும் மெஷினுக்கும் பரிந்துரையும் செலவுத்தொகையும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கைக்காசு போட்டு வாங்கிய பிறகு கேட்பது சிரமம்.

ஆய்வு இரவன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். ஒட்டும் கம்பிகள் நிற்காது. கூடத் தூங்குபவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மூச்சு நிற்பதைப் பார்த்தவர் அவர்தான்.

அறிக்கையில் ஏ.எச்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது அது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. மெஷினோடு தூங்கும்போது இந்த எண் 5-க்குக் கீழே வர வேண்டும்.

2. மெஷின் வாங்கும் முன்

ஒரே அழுத்தத்தில் ஓடும் மெஷின் உண்டு. தேவைக்கேற்பத் தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ வகையும் உண்டு. வீட்டு மெஷின்களின் அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்கும். எந்த வகை, எவ்வளவு அழுத்தம் என்பதை மருத்துவர் சீட்டில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் முடிவு செய்யக்கூடாது. சில வாரம் வாடகைக்குக் கிடைத்தால் அதுவே நல்லது.

பழைய மெஷின் மலிவாக வந்தால் கவனம். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் மெஷின்கள் பலவற்றை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரை உதிர்ந்து மூச்சில் கலக்கலாம் என்பது காரணம். மாடலையும் சீரியல் எண்ணையும் சரிபார்க்காமல் யாருடைய பழைய மெஷினையும் வாங்காதீர்கள்.

3. மாஸ்க்: மூக்குத்தி, தாடி, தேங்காய் எண்ணெய்

மாஸ்க் மூன்று வகை: மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துவது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. வாயால் மூச்சு விடுகிறவருக்கு மூன்றாவது தேவைப்படலாம். மற்றவர்கள் சின்னதில் தொடங்கினால் பழகுவது எளிது.

மூக்குத்தி போட்டிருப்பவருக்கு மூக்கை மூடும் மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு சரியாக அந்தக் கல்லின் மேல் உட்காரும். காற்று ஒழுகும், காலையில் புண்ணாகும். இரவில் கழற்ற மனமில்லை என்றால் தட்டையான சின்ன மூக்குத்தியை மாட்டி, அதோடு மாஸ்க்கைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். நீண்ட தாடி உள்ளவர்களுக்கு முழு மாஸ்க் கன்னத்தில் ஒட்டாது. மூக்கோடு நிற்கும் வகையே பொருந்தும். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் கெடும். எண்ணெய்த் தலையில் பட்டை நழுவும். தலைக்கு எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றுங்கள். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவுங்கள்.

உட்கார்ந்துகொண்டு மாஸ்க்கை இறுக்காதீர்கள். எப்படிப் படுப்பீர்களோ அப்படிப் படுத்து, மெஷினை ஓட விட்டு, அதன் பிறகு பட்டையைச் சரிசெய்யுங்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒழுகினால் உடனே இறுக்காமல், மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி மறுபடி உட்கார வையுங்கள்.

மாஸ்க்கின் முன்புறம் சிறு துளைகள் இருக்கும். அதிலிருந்து காற்று வருவது ஒழுகல் அல்ல. நீங்கள் விடும் மூச்சு வெளியேறும் வழி அது. டேப் ஒட்டியோ போர்வை போட்டோ அதை அடைக்கவே கூடாது.

4. எங்கே வைப்பது

மெஷின் உங்கள் தலை மட்டத்துக்குக் கீழே, தூசு படாத சின்ன ஸ்டூலில் இருக்கட்டும். அப்போதுதான் குழாயில் சேரும் ஈரம் முகத்தில் சொட்டாது. பாய் விரித்துத் தரையில் படுப்பவர்கள் மெஷினை ஒரு பலகை மேல் வைத்துக்கொண்டால் போதும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகை, ரூம் ஸ்ப்ரே எதுவும் அதன் பக்கத்தில் வேண்டாம். அந்தக் காற்றைத்தான் இரவெல்லாம் இழுக்கப்போகிறீர்கள். டேனரியின் பஃபிங் பிரிவில் தோல் தூசியிலும் ஸ்ப்ரே பிரிவில் சாய நெடியிலும் நின்றவர்கள், குளித்து உடை மாற்றிய பிறகே மாஸ்க்கைத் தொடுங்கள். வேலை உடுப்பைப் படுக்கை அறையில் மாட்டாதீர்கள்.

5. தண்ணீர்த் தொட்டி

மெஷினோடு வரும் ஹியூமிடிஃபையர் தொண்டையும் மூக்கும் காயாமல் காக்கிறது. வேலூர்க் கோடையில் ஏசி போட்டுத் தூங்குபவர்களுக்கு இது அவசியம். தண்ணீர் விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாலாற்றங்கரையின் நிலத்தடி நீரைத் தோல் கழிவு கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996-ல் தீர்ப்பு வந்தது. அந்த நீரின் உப்பு குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு தொட்டியிலும் சூடேற்றும் தட்டிலும் படியும். போர் தண்ணீர் வேண்டாம். காவிரிக் குடிநீரும் கேன் தண்ணீரும் குடிக்க நல்லவை, தொட்டிக்கு அல்ல. மெடிக்கல் ஷாப்பில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள். பேட்டரிக் கடையில் விற்பது மூச்சுக்காகத் தயாரித்ததல்ல. அவசரத்துக்கு ஓரிரு நாள் ஆர்.ஓ. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றலாம்.

காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் திறந்து காய விடுங்கள். தண்ணீர் இருக்கும்போது மெஷினைச் சாய்த்துத் தூக்காதீர்கள். உள்ளே போனால் மோட்டார் போச்சு.

6. கரண்ட் போனால்

தூக்கத்தில் கரண்ட் போனால் மூச்சு அடைத்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. துளைகள் வழியாகக் காற்று வரும்; வாயும் மூக்கும் மூடும் மாஸ்க்கில் அதற்கென்றே ஒரு வால்வு இருக்கிறது. பெரும்பாலும் விழித்துக்கொள்வீர்கள். கழற்றி வைத்துவிட்டுப் பக்கவாட்டில் படுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெஷினை அந்த லைனில் மாட்டுங்கள். சைன் வேவ் வகையாக இருப்பது நல்லது. சூடேற்றியை அணைத்துவிட்டால் சாதாரண சீலிங் ஃபேனை விடக் குறைவான மின்சாரமே எடுக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்தடை அறிவித்தால், நைட் ஷிஃப்ட்காரர்கள் அன்றைக்கு இன்வெர்ட்டரை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

7. பழகும் முறை

முதல் இரண்டு மூன்று நாள் மாலையில் டிவி பார்த்தபடி மாஸ்க்கை மட்டும் அரை மணி நேரம் மாட்டியிருங்கள். அடுத்து மெஷினோடு சேர்த்து. பிறகு மதியத் தூக்கத்துக்கு. அப்புறம் இரவு. மூச்சு முட்டுகிறது என்ற பதற்றம் இப்படித்தான் அடங்கும். ‘ரேம்ப்’ பொத்தானைப் போட்டால் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏறும். நடுராத்திரியில் காற்று வேகமாகத் தெரிந்தால் மெஷினை அணைத்து மறுபடி போடுங்கள், கீழிருந்து தொடங்கும்.

ஓர் இரவு 2 மணி நேரம்தான் முடிந்தது என்றால் அதுவும் கணக்குதான். வாரத்தில் பெரும்பாலான இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம் என்பது முதல் மைல்கல். உண்மையான இலக்கு, தூங்கும் நேரம் முழுவதும். விடியற்காலைக் கனவுத் தூக்கத்தில்தான் பலருக்கு மூச்சு அதிகம் நிற்கும். 3 மணிக்குக் கழற்றிவிட்டால் அந்த நேரம் காப்பில்லாமல் போகும்.

8. ஷிஃப்ட்டும் ரம்ஜானும்

எப்போது தூங்கினாலும் மாஸ்க் வேண்டும். பகலில் தூங்குபவர்கள் ஜன்னலைத் திரையிட்டு, மெஷினோடு படுங்கள். ரம்ஜானில் தராவீஹ் தொழுகை முடிந்து ஒரு தூக்கம், சஹர் சாப்பாடு முடிந்து ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு ஒரு தூக்கம் என்று இரவு இரண்டாகும். இரண்டுக்கும் மாட்டுங்கள். சஹர் சாப்பிட்ட உடனே படுத்தால் நெஞ்செரிச்சலும் வயிற்றில் காற்றும் கூடும். கொஞ்சம் பொறுத்துத் தலையை உயர்த்திப் படுங்கள்.

9. சுத்தம்

தினமும் மாஸ்க்கின் சிலிக்கானை ஈரத்துணியால் துடையுங்கள். வாரம் ஒரு முறை மாஸ்க், குழாய், தொட்டி மூன்றையும் வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சிலிக்கான் வெடிக்கும். டெட்டால், பிளீச்சிங், ஓசோன் மெஷின் எதுவும் வேண்டாம். ஃபில்டரை வாரா வாரம் பாருங்கள். நம் ஊர்த் தூசியில் மாதம் முடியும் முன்பே கறுத்துவிடலாம், அப்போதே மாற்றுங்கள்.

10. சிக்கல்களும் கைவைத்தியமும்

வாய் காய்ந்தால்: வாய் திறந்து காற்று போகிறது. ஈரப்பத அளவைக் கூட்டுங்கள். நிற்காவிட்டால் மாஸ்க் வகையை மாற்றுங்கள்.

மூக்கடைப்பு: படுக்கும் முன் மருந்தகத்தில் கிடைக்கும் சலைன் ஸ்ப்ரே. நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

வயிறு உப்பல், ஏப்பம்: காற்றை விழுங்குகிறீர்கள். அழுத்தத்தை நீங்களே மாற்றாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குழாயில் தண்ணீர்: ஏசிக் குளிரில் ஈரம் படிகிறது. ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள், குழாயைத் துணியால் சுற்றுங்கள்.

11. மாத முடிவில்

மெஷின் திரையில் பயன்படுத்திய நேரம், ஏ.எச்.ஐ., ஒழுகல் மூன்றும் வரும். வாரம் ஒரு நாள் காலண்டரில் குறித்து, மெமரி கார்டோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். நன்றாகப் பயன்படுத்தியும் ஏ.எச்.ஐ. 5-க்கு மேலேயே நின்றால் அழுத்தமோ மாஸ்க்கோ மாற வேண்டியிருக்கும். குறட்டை நின்றுவிட்டது என்று மெஷினை நிறுத்தாதீர்கள். கண்ணாடியைக் கழற்றினால் பார்வை மங்குவதுபோல, மெஷினை விட்டால் மூச்சு மறுபடி நிற்கும். எடை நன்றாகக் குறைந்தால் மறு ஆய்வு கேட்கலாம். மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டையை மேலும் தளர்த்தும்.

மெஷின் தொடங்கியும் பகலில் கண் சொருகுகிறது என்றால், அது சரியாகும் வரை சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டாதீர்கள். லாரி ஓட்டுநரானாலும் பைக்கில் ஆம்பூருக்கு வேலைக்குப் போகிறவரானாலும் இதுதான் விதி. அதுவரை கம்பெனி வண்டியிலோ ரயிலிலோ போங்கள். சந்தேகம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம், போன் செய்து கேளுங்கள்.