நெடுவழித் தொழிலும் நித்திரையும்

பண்டைத் தமிழகத்தில் உப்பு வாணிகம் செய்த உமணர், கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். வழியோ மேடும் பள்ளமும், சுமையோ மிகுதி, நுகத்திற் பூட்டிய எருதுகளோ சிலபோது பழக்கமற்ற இளைய எருதுகள். அச்சு எவ்விடத்தில் முறியுமென்று யார் அறிவார்? ஆதலின் வேறோர் அச்சினையும் வண்டியின் அடியிற் கட்டிக்கொண்டே அவர்கள் புறப்பட்டனர். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், பொகுட்டெழினி என்னும் தலைவனை இந்தச் சேம அச்சோடு ஒப்பிட்டிருக்கின்றார். இக்காலத்து லாரிக்காரர் ‘ஸ்டெப்னி’ என்று வழங்கும் சேமச் சக்கரமும் இவ்வினத்ததே. அச்சொல், வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் இத்தகைய சக்கரங்கள் முதலில் செய்யப்பெற்ற தெருவின் பெயரினின்றும் வந்தது.

வண்டிக்குச் சேமம் தேடிய மனிதன், வண்டியைச் செலுத்துபவனது உடலுக்கு யாது சேமம் தேடினான் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். மாட்டு வண்டிக் காலத்தில் இவ்வினா அத்துணைக் கடுமையாக எழவில்லை. வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் எருதுகள் விழித்திருந்தன. பழகிய வழியாயின் அவையே வண்டியை வீடு கொண்டு சேர்த்தன. மோட்டார் லாரிக்கு அவ்வறிவு இல்லை. விமானத்தில் தானே செலுத்தும் பொறி உண்டெனினும், அதற்கு ஆணையிடுவோன் விழித்திருத்தல் வேண்டும்.

நித்திரையின் இயல்பைச் சிறிது காண்போம். மூளையின் அடிப்புறத்தில், இரு கண்களினின்றும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, மிகச் சிறியதோர் உயிரணுத் தொகுதி இருக்கின்றது. உடலின் கடிகாரம் அதுவே. கண்வழிப் புகும் சூரிய வெளிச்சத்தைக்கொண்டு அது நாள்தோறும் தன்னைத் திருத்திக்கொள்கின்றது. பின்னிரவில், ஏறக்குறைய 2 மணி முதல் 6 மணி வரையில், உடலின் வெப்பம் குறைந்து உறக்கத்தின் பாரம் மிகுகின்றது. பகலில் நன்கு உறங்கியவனும் அவ்வேளையில் இதனின்று முற்றும் தப்புதல் அரிது.

இஃது ஒருபுறமிருக்க, எத்தனை மணி நேரம் விழித்திருந்தோம் என்பதும் தனியே கணக்கிற்கு வருகின்றது. 1997-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளராகிய டாசன், ரீட் என்னும் இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவனுடைய கைத்திறமும் கவனமும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவனுடைய நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றன என்பது அதனாற் பெறப்பட்டது. 24 மணி நேரமாயின் அவ்வளவு ஏறத்தாழ இருமடங்காகின்றது. (தேர்வுக்கு முதல்நாள் இரவு முழுதும் விழித்துப் படிக்கும் நம் விடுதி நண்பர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பாராக.) இந்தியாவில் வண்டியோட்டுவோனுக்குச் சட்டம் வகுத்த வரம்பு 30 மில்லிகிராமே. மதுவை அளக்கும் கருவி காவலர் கையில் இருக்கின்றது. சாரதி எத்தனை மணி நேரமாக உறங்கவில்லை என்பதை ஊதிக் காட்டச் சொல்லும் கருவியோ அவரிடம் இல்லை.

உறக்கம் மிகுந்தபோது, கண் திறந்திருக்கவே, மூளை இரண்டு மூன்று விநாடி அயர்ந்துவிடுதலும் உண்டு. அயர்ந்தவனே அதனை உணர்வதில்லை. மணிக்கு 50 மைல் வேகத்திற் செல்லும் லாரி மூன்று விநாடியில் 220 அடி சென்றுவிடும்.

சென்னையினின்று டில்லி வரையில் சாலை வழி ஏறக்குறைய 1,370 மைல். இரு நகரங்களுக்கும் தீர்க்கரேகை வேறுபாடு மூன்று பாகையே. சூரியன் தோன்றும் நேரம் அதனால் 12 நிமிடமே மாறும். ஆகவே லாரிச் சாரதியின் உடற்கடிகாரத்தைக் குலைப்பது தூரமன்று. பகலெல்லாம் சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்திருந்து, நகரத்துள் லாரி நுழையலாகாத வேளை கழியும்வரை நின்று, இரவெல்லாம் ஓட்டும் முறையே அதனைக் குலைக்கின்றது. நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோனுக்குக் காத்திருந்த நேரம் காசாவதில்லை. உறங்கிய நேரமும் அவ்வாறே.

சட்டம் இதனை அறியாததன்று. 1961-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலைக்கு எல்லை கட்டியது. நெடுவழிக்கு, அதிகாரிகளின் இசைவோடு, 10 மணியும் 54 மணியும் வரை இடம் தந்தது. ஐந்து மணிக்கு மேற்படாமல் அரை மணி ஓய்வும் விதித்தது. ஆனால் ஐவரும் அவரின் மிக்காருமாகிய தொழிலாளரையுடைய நிலையங்களுக்கே அச்சட்டம் உரியதாயிற்று. ஒரு லாரியோ இரண்டு லாரியோ வைத்துப் பிழைப்போரும், அவரிடம் வேலை செய்வோரும் அதற்குப் புறம்பாயினர். நாடு முழுதும் செல்லும் உரிமச் சீட்டுப் பெற்ற லாரிகளில் இரண்டு சாரதிகள் இருத்தல் வேண்டும், முன்னிருக்கைக்குப் பின்னே ஒருவன் காலை நீட்டிப் படுக்க இடம் இருத்தல் வேண்டும் என்றும் விதி இருந்தது. உமணரின் சேம அச்சு மனிதவுருவில் வந்தது இவ்விதியில் எனலாம். இரண்டாம் சாரதி வேண்டுமென்னும் நிபந்தனை 2018-இல் நீக்கப்பட்டது.

இனி விமானத்தைக் காண்போம். நிலநடுக்கோட்டருகே மணிக்கு 550 மைல் வேகத்தில் கிழக்கே பறப்பவன், ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு முறை தன் கைக்கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுதல் வேண்டும். உடற்கடிகாரமோ அவ்வொரு மணி மாற்றத்தை ஏற்க ஏறத்தாழ ஒருநாள் கேட்கின்றது. மேற்கே செல்வதினும் கிழக்கே செல்வது கடினம். ஏனெனில் பெரும்பாலோர்க்கு உடலின் நாள் 24 மணிக்குச் சற்று மிகுதியாகையால், அதனை நீட்டுதல் எளிது, சுருக்குதல் அரிது. சிங்கப்பூரினின்று நியூயார்க்கிற்கு இடைநில்லாது ஏறக்குறைய 9,500 மைல் பறக்கும் விமானம் நான்கு விமானிகளை ஏற்றிச் செல்கின்றது. முறைவைத்துச் சிலர் செலுத்தச் சிலர் உறங்குகின்றனர். இங்கே சேம அச்சுக்குக் குறைவில்லை.

குறைவு நேர்வது இடைத்தரமான தூரங்களில். 2010-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் விடியற்காலையில் துபாயினின்று மங்களூருக்கு வந்த விமானத்தில் இரு விமானிகளே இருந்தனர். பயணிகளுட் பலர் வளைகுடா நாட்டில் உழைத்து விடுமுறைக்கு வீடு திரும்பியோர். பயணத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேலாகத் தலைமை விமானி உறங்கியதைக் குரற்பதிவுக் கருவியிற் கேட்ட குறட்டையொலி காட்டிற்று. விழித்தெழுந்தவுடன் அறிவு தெளிதற்குச் சிறிது நேரம் செல்லும். அந்நேரத்திலே அவர் விமானத்தை இறக்க நேர்ந்தது. விமானம் வேண்டிய உயரத்தினும் மிக மேலே வந்தது. இறங்காது மீண்டும் மேலெழும்படி உதவி விமானி மும்முறை கூறினார், அது கேட்கப்படவில்லை. 8,033 அடி நீளமுள்ள ஓடுதளத்தில் ஏறத்தாழ 5,200 அடி கழிந்த பின்னரே சக்கரங்கள் நிலம் தொட்டன. குன்றின்மேல் அமைந்த தளமாகையால் அப்பால் பள்ளத்தாக்கே. 166 பேருள் 158 பேர் மாண்டனர். உறக்கக் கலக்கம் தலைமை விமானியின் மதியை மங்கச் செய்திருக்கலாமென்று விசாரணைக் குழுவினர் கூறினர்.

ஒருவனை மட்டும் குறைகூறி இதனை முடித்துவிடுதல் எளிது. ஆனால் நள்ளிரவிற் புறப்பட்டுச் சென்று பின்னிரவில் திரும்பும்படி கால அட்டவணை வகுப்போர் வேறு. அவ்வட்டவணைக்கு உடலைக் கொடுப்போர் வேறு.

வேலைக்குச் செல்லும் பயணமே வேலையை விழுங்குதலும் உண்டு. 2009 பிப்ரவரி 12-இல் அமெரிக்காவில் நூவார்க்கினின்று பஃபலோவுக்குச் சென்ற சிறு விமானம் வீழ்ந்து, வீட்டிலிருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தனர். விமானம் வேகம் குறைந்து தடுமாறியபோது தலைமை விமானி நேர்மாறாகச் செயற்பட்டதே காரணமென விசாரணையில் முடிவாயிற்று. அதனோடு வேறொன்றும் வெளிப்பட்டது. உதவி விமானி கண்டத்தின் மேலைக்கரையில், சியாட்டில் நகருக்கருகில் வாழ்ந்தவர். முந்திய இரவு முழுதும் சரக்கு விமானத்தில் இடம்பெற்றுப் பறந்து காலையிலே நூவார்க்கு வந்து சேர்ந்தார். தலைமை விமானியோ நிலையத்து ஓய்வறையில் இரவைக் கழித்தவர். இப்பயணங்கள் எவருடைய வேலைக் கணக்கிலும் சேரவில்லை.

இதன் பின்னர் அமெரிக்க அரசாங்கம் விமானிகளின் ஓய்வு விதிகளை 2011-இல் திருத்தி எழுதிற்று. 2014 ஜனவரியில் அவை நடைமுறைக்கு வந்தன. பயணிகளை ஏற்றும் விமானங்களுக்கே அவை கட்டாயமாயின. இரவிலே மிகுதியாய்ப் பறக்கும் சரக்கு விமானங்களின் ஓட்டிகளை அவ்விதிகள் விலக்கி வைத்தன.