கேமிங் கம்பியூட்டர்: கையிலுள்ள காசுக்கு லெப்டொப்பா, டெஸ்க்டொப்பா?



ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்துக் கடைக்காரச் சகோதரர்கள் கொஞ்ச காலமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கேட்பவர்கள் இரண்டு ரகம். போட்டோ கொப்பி, பிரின்ட், ரீலோட் என்று கொம்யூனிகேஷன் கடை நடத்துபவர் ஒருவர். கடையின் பின்பக்கத்தில் இரண்டு கேமிங் கம்பியூட்டர் போட்டால் பின்னேரங்களில் நாலு காசு வருமா என்பது அவருடைய யோசனை. மற்றவர் தகப்பன். "வாப்பா, கேமிங் லெப்டொப் ஒன்று வாங்கித் தாங்க, படிக்கவும் உதவும்" என்று மகன் நச்சரிக்க, விலையைக் கேட்டுவிட்டு வாயடைத்து நிற்பவர். இரண்டு பேரிடமும் காசு மட்டு. இரண்டு பேருக்கும் அந்தக் காசு கடையின் முதலிலிருந்துதான் எடுபட வேண்டும். ஆகவே இதை விளையாட்டுச் சாமான் வாங்கும் விடயமாக அல்லாமல் முதலீட்டு விடயமாகவே பார்ப்போம்.

கேமிங் கம்பியூட்டர் என்பது தனி ஜாதி அல்ல. சாதாரணக் கம்பியூட்டரில் படத்தை வேகமாக வரைந்து தள்ளும் கிராபிக்ஸ் கார்ட் என்ற பாகத்தைப் பெரிதாகப் போட்டால் அதுதான் கேமிங் கம்பியூட்டர். கல்யாண வீடியோ எடிட் பண்ணவும், பெனர், கார்ட் டிசைன் செய்யவும் அதே கார்ட் உதவும். மலையகத்து டவுன் ஒன்றில் பகலில் டிசைன் வேலை, பின்னேரத்தில் கேம் என்று ஒரே மெஷினை இரண்டு வழியில் உழைக்க வைக்கலாம். கேம் மட்டும் என்றால் நான் ஒருவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஏன் என்று ஒரு கணக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு மெஷினுக்கு 250,000 ரூபாய் போடுகிறீர்கள். மணித்தியாலத்துக்கு 150 ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் ஆள் இருக்கிறது என்று வைத்தால் 450 ரூபாய். மாதத்தில் 25 நாள் கடை. போட்ட காசு மட்டும் திரும்பி வர 22 மாதம் செல்லும். கரண்ட் பில், இன்டர்நெட் இன்னும் கழிக்கவில்லை. மணித்தியாலக் கட்டணத்தைக் கூட்டுவோம் என்றால் வாடிக்கையாளர் யார்? தோட்டத்துப் பிள்ளைகள். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால் அந்த 250,000 என்பது ஒரு தொழிலாளியின் 185 நாள் உழைப்பு. பத்தாம் திகதி சம்பளம் வந்த வாரம் கூட்டம் இருக்கும், மாதக் கடைசியில் கதிரை காலியாக இருக்கும். இது நம் கடைகளில் அரிசி, மாவுக்கும் உள்ள கதைதான்.

எனவே போடும் முதல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. இங்கேதான் டெஸ்க்டொப்பின் பெரிய வசதி இருக்கிறது. அதைத் துண்டு துண்டாக வாங்கலாம்.

லெப்டொப் வாங்குபவர் முழுக் காசையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். காசு போதாவிட்டால் நகை அடகுக்குப் போகும், அல்லது வட்டிக் கடன். டெஸ்க்டொப்பில் அந்த நெருக்கடி இல்லை. ரைசன் 5 5600ஜி போன்ற, படம் காட்டும் சக்தி உள்ளேயே இருக்கிற ஒரு சிப்பைப் போட்டு, கிராபிக்ஸ் கார்ட் இல்லாமலே தொடங்கலாம். வெலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை படத் தரத்தைக் குறைத்து வைத்தால் அதில் ஓடும், டிசைன் வேலையும் நடக்கும். ஆறு மாதம் கழித்து, அந்த மெஷினே உழைத்துத் தந்த காசில் கார்ட் ஒன்றை வாங்கிச் செருகலாம். லெப்டொப்பில் கிராபிக்ஸ் சிப் மதர்போர்டோடு ஒட்டியே வரும். பின்னால் மாற்றுவது என்ற பேச்சே இல்லை.

துண்டாக வாங்கும்போதும் ஒன்றில் கை வைக்காதீர்கள். பவர் சப்ளை. கேசிங்கோடு சும்மா வரும் பெயரில்லாத பவர் சப்ளையில் சில ஆயிரம் மிச்சம் பிடித்து, பிறகு கார்டையும் மதர்போர்டையும் சேர்த்து எரித்தவர்கள் உண்டு. பின்னால் கார்ட் போடும் எண்ணமிருந்தால் இப்போதே 500 அல்லது 550 வொட்டில் நல்ல பெயருள்ள ஒன்றைப் போட்டு விடுங்கள். ரேம் 16 ஜீ.பீ. வேண்டும், அதையும் எட்டு எட்டாக இரண்டு துண்டாகப் போட்டால் மேலே சொன்ன வகைச் சிப்புக்கு வேகம் நன்றாகவே கூடும். ரேம் விலை 2025 கடைசியிலிருந்து உலகச் சந்தையில் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய பெரிய கம்பியூட்டர் நிலையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். அதனால் "ரேம் பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது எப்போதும் இலாபமாக முடியாது.

விளம்பரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டெஸ்க்டொப் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது அனேகமாகப் பெட்டியின் விலை மட்டும்தான். மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், ஹெட்செட், யூ.பி.எஸ். எல்லாம் வேறு. லெப்டொப்பில் இவற்றில் பல கூடவே வருகின்றன. இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கடையில் பழைய மொனிட்டர் ஒன்று சும்மா கிடந்தால் கணக்கு டெஸ்க்டொப் பக்கம் நன்றாகச் சாயும். ஒன்றுமே இல்லாமல் தொடங்குபவருக்கு வித்தியாசம் நினைத்த அளவு இராது.

லெப்டொப் பக்கத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு, அது இதைவிடப் பெரியது. கார்டின் பெயர் ஒன்று, சரக்கு வேறு. ஆர்.டி.எக்ஸ். 3050 என்பதையே எடுங்கள். டெஸ்க்டொப்புக்கு முதலில் வந்த 3050 கார்டில் 8 ஜீ.பீ. மெமரி, 130 வொட் மின்சாரம். லெப்டொப்புக்கு முதலில் வந்த 3050இல் 4 ஜீ.பீ.தான். மின்சாரம் 35இலிருந்து 80 வொட் வரை, லெப்டொப் கம்பனி எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு. ஸ்டிக்கரில் இரண்டும் 3050. மகன் யூடியூபில் டெஸ்க்டொப் கார்டின் வேகத்தைப் பார்த்துவிட்டு லெப்டொப்பில் அதை எதிர்பார்ப்பான். லெப்டொப் வாங்கப் போகிறவர் "கார்ட் எத்தனை வொட்?" என்று கேட்க வேண்டும். விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் அடுத்த கடைக்கு நடக்கலாம்.

நம்முடைய மலைக் காலநிலை கம்பியூட்டருக்கு ஒரு வழியில் நல்லது, ஒரு வழியில் கெட்டது. கொழும்புச் சூட்டில் கேமிங் லெப்டொப் கொதித்து வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவின் குளிரில் அந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் ஈரம் இருக்கிறதே! தென்மேல் பருவமழையில் ஹட்டன், நோர்வூட் பக்கம் நாட்கணக்கில் சுவரே வியர்க்கும். தினமும் ஓடுகிற மெஷின் தன் சூட்டிலேயே காய்ந்து கொள்ளும். வாரக்கணக்கில் பூட்டிக் கிடப்பதுதான் துருப்பிடிக்கும். உத்தரவாத அட்டையின் சின்ன எழுத்தை வாசித்துப் பாருங்கள். துரு, தீய்ந்த அடையாளம், இடி மின்னல் இவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று பல கடைகள் அச்சடித்தே தருகின்றன. டெஸ்க்டொப் பெட்டியைத் தரையில் வைக்காமல், தேத்தண்ணீர்க் கேத்தல் பக்கமும் வைக்காமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மேசைமேல் வையுங்கள். சித்திரை, ஐப்பசி மாதங்களில் பின்னேரம் இடி முழங்கும்போது பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். இன்டர்நெட் வயரை மறந்துபோய்க் கம்பியூட்டரைப் பறிகொடுத்தவர்கள் அதிகம். ஏர்த் வயர் இல்லாத பழைய லைன் கட்டடம் என்றால், கம்பியூட்டருக்கு முன்னால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மின்வெட்டு விடயத்தில் லெப்டொப்புக்கே வெற்றி. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்ததை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9இல் நாடே இருளில் மூழ்கியது. அதே வருட நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தின் பாதைகளையும் மின்கம்பிகளையும் ஒன்றாக அறுத்துப் போட்டது. இப்படியான நேரத்தில் லெப்டொப்பில் ஒரு கடிதம் அடிக்கலாம், கணக்கு எழுதலாம். ஆனால் கேம் விளையாட அந்த பெட்டரி பயன்படாது. பெட்டரியில் கார்ட் முழுச் சக்தியில் ஓடாது, ஓடும் மட்டும் ஓடினாலும் ஒரு மணித்தியாலம் தாண்டுவது கஷ்டம். டெஸ்க்டொப்புக்கு 650 வீ.ஏ. யூ.பி.எஸ். ஒன்று போட்டால் சில நிமிடம் கிடைக்கும், வேலையைச் சேமித்து மூட அது போதும். கரண்ட் செலவைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். கேம் ஓடும்போது டெஸ்க்டொப் 300 வொட், லெப்டொப் அதில் பாதி என்று வைத்தாலும் மூன்று மணித்தியாலத்துக்கு வித்தியாசம் அரை யூனிட்தான்.

பழுதுபார்ப்பை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. சாமான் பெரும்பாலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கத்தில் வாங்கியதாக இருக்கும். டெஸ்க்டொப்பில் பவர் சப்ளை போனால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, அதை மட்டும் ஒரு பேக்கில் போட்டு, சரக்கு எடுக்கப் போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம். அதுவரை வேறு மெஷினின் பவர் சப்ளையை மாட்டி ஓட்டலாம். லெப்டொப்பில் எது போனாலும் முழு லெப்டொப்பும் கொழும்பு போகும், வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். கதிரை காலி, வருமானம் இல்லை.

அப்படியென்றால் லெப்டொப் யாருக்கு? பேராதனையிலோ கொழும்பிலோ போர்டிங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு. ஒரே அறையில் முழுக் குடும்பமும் இருக்கும் வீட்டில், மேசை போட இடமில்லாத பிள்ளைக்கு. கல்யாண வீட்டுக்கே போய் வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கும் தம்பிமாருக்கு. இவர்களுக்கு அது தேவை, ஆடம்பரம் அல்ல. ஆனால் படிப்புக்குத்தான் என்றால் கேமிங் லெப்டொப் வேண்டாம், கார்ட் இல்லாத சாதாரண லெப்டொப் போதும். பாரமும் குறைவு, பெட்டரியும் கூட நேரம் நிற்கும். பொறியியல் வரைபடம், த்ரீ-டி வேலை படிக்கும் பிள்ளை என்றால் மட்டும் விதிவிலக்கு.

கேம் சென்டர் போடுபவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வென்றவன் எல்லாவற்றையும் எடுப்பது சூதாட்டம், அதற்கு நம் கடையில் இடமில்லை. பாடசாலைச் சீருடையில் வருபவனைத் திருப்பி அனுப்புங்கள். தொழுகை நேரத்தில் மூடுங்கள்.

காசு மிகவும் மட்டு என்றால் பாவித்த சாமான் பக்கம் போகத்தான் வேண்டும். கம்பனிகளில் கழித்த டெல், எச்.பி. பெட்டிகள் இப்போது சகாயமாகக் கிடைக்கின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளைத் தள்ளிவிட அவசரப்படுகிறார்கள். மெல்லிய சின்னப் பெட்டியாக இருந்தால் பெரிய கார்ட் உள்ளே போகாது, பவர் சப்ளையும் தாங்காது. ஜீ.டி.எக்ஸ். 1650இன் அரை உயர மொடல் மாதிரி 75 வொட்டுக்குள் நிற்கும் கார்ட்தான் சரிவரும். தனியாகக் கார்ட் வாங்கினால், 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங் நின்றபின் இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்ட்கள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன என்பதை ஞாபகத்தில் வையுங்கள். துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டதுதான். நாமும் கையை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றச் சொல்லித் துரு இருக்கிறதா பாருங்கள். அரை மணித்தியாலம் கேம் ஓடவிட்டு, படம் சிதறுகிறதா, தானாக நின்றுபோகிறதா என்று பாருங்கள்.

தவணைக்கு வாங்குவதானால், கைக்காசு விலை ஒன்று, தவணை விலை ஒன்று என்று இருப்பதைப் பெரும்பாலான உலமாக்கள் தடுக்கவில்லை. பிரிவதற்கு முன் ஒரே விலையில் முடிவாகி, அது பிறகு கூடாமல் இருக்க வேண்டும். "பிந்தினால் மாதத்துக்கு இத்தனை வீதம்" என்று ஒரு வரி படிவத்தில் இருந்தால் அதுதான் வட்டி. கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடுங்கள், சந்தேகமென்றால் உங்கள் ஊர் ஆலிமிடம் படிவத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இன்னொன்று. வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துபோன ஹப்பான் இப்னு முன்கித் (ரழி) என்ற ஸஹாபிக்கு, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் உரிமை கொடுக்கப்பட்டதாக ஹதீஸ் விளக்க நூல்கள் சொல்கின்றன. பாவித்த கம்பியூட்டர் வாங்கும்போது அந்த மூன்று நாளை நீங்களும் கேளுங்கள். சம்மதித்தால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், சீரியல் நம்பரோடு.