பின்பக்கத்தைத் திருப்புங்கள்

பெங்களூரு ஜெயநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பேய் முகம். இரண்டு கொம்பு, கோரைப்பல். ஜப்பான் சாமான் என்கிறார்கள். தந்தமா? விற்கலாமா?" கூடவே மூன்று போட்டோ. மூன்றுமே முன்பக்கம்!

உங்களிடம் இருப்பது நெட்சுகே போலிருக்கிறது. கிமோனோவில் பாக்கெட் கிடையாது. நம் பாட்டிகள் சுருக்குப்பையை இடுப்பில் செருகினார்கள். எடோ காலத்து (1603–1868) ஜப்பானிய ஆண்கள் புகையிலைப் பையையும் மருந்துச் செப்பையும் கயிற்றில் கோத்து இடுப்புக் கச்சையிலிருந்து தொங்கவிட்டார்கள். கயிறு நழுவாமல் கச்சைக்கு மேலே நிற்கும் கட்டைதான் இது. கொம்பு முகத்தின் பெயர் ஹன்னியா, நோ நாடகத்தில் பொறாமையால் அரக்கியான பெண். நேராகப் பிடித்தால் கோபம்; கொஞ்சம் கவிழ்த்துப் பாருங்கள், அழுவது போலிருக்கும். உப்பிய கன்னத்தோடு சிரிப்பவள் ஒகமே. உதட்டைக் கோணிக் குவித்திருப்பவன் ஹியொத்தோகோ.

முகம் யாரையும் ஏமாற்றும், அச்சில் வார்த்த ரெசினில்கூட அழகாக வந்துவிடும். பின்பக்கத்தில் கயிறு நுழைய இரண்டு துளைகளோ, குறுக்கே ஒரு சட்டமோ இருக்க வேண்டும். பழைய வேலைப்பாட்டில் ஒரு துளை பெரிதாக இருப்பதுண்டு, முடிச்சு உள்ளே ஒளிந்துகொள்ள. கயிறு உரசிய விளிம்பும், துணியில் பட்டுக்கொண்டிருந்த மூக்கு, கன்ன மேடுகளும் வழவழவென்று தேய்ந்திருக்கும். பள்ளம் மேடு எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தால் அது தேயிலைச் சாயம் என்று சந்தேகப்படுங்கள். கையெழுத்தைக் கண்டு மயங்கவும் வேண்டாம். முகமூடி செதுக்குவதில் பேர்பெற்ற தேமே குடும்பத்தின் பெயரைப் பிற்காலத்தில் பலர் பொறித்துக்கொண்டார்கள்.

அடுத்து, எதில் செய்தது? நகரத்பேட்டை நகைத் தட்டார்களிடம் இருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் ஓடும். எலும்பில் கருப்புப் புள்ளிகளும் சிறு கீற்றுகளும் தெரியும். ரெசினில் இரண்டுமே இருக்காது, ஓரத்தில் அச்சு இணைந்த கோடு மாட்டும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள், நல்ல சாமானாக இருந்தால் தழும்பு போகாது.

தந்தம் என்று தெரிந்தால் விற்பனைப் பேச்சு அங்கேயே முடிந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986, 1991 திருத்தங்கள் வந்தபிறகு உள்நாட்டுத் தந்தமோ இறக்குமதித் தந்தமோ, வியாபாரமே செய்யக் கூடாது. 'பழசு', 'தாத்தாவுடையது' என்பதெல்லாம் செல்லாது. தாத்தாவிடம் உரிமைச் சான்றிதழ் இருந்ததா என்று பழைய காகிதங்களைத் துழாவுங்கள். அப்படி வாரிசுரிமையாக வந்த பொருளை 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். மல்லேஸ்வரம் ஆரண்ய பவனில் விசாரியுங்கள். சான்றிதழ் இல்லையென்றால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை இணையத்தில் போட்டோ போட்டு விலை கேட்காதீர்கள்.

மரமாக இருந்தால் கவலை குறைவு. நிறைய முகமூடி நெட்சுகே மரத்தில் செய்தவைதான். எனக்கும் அவைதான் பிடிக்கும், உளியின் கை தெரிகிறது. நூறு வயதைத் தாண்டியது என்றால் 1972 பழம்பொருள் சட்டம் குறுக்கே வரலாம், லண்டன் ஏலத்துக்குப் பார்சல் கட்டுமுன் கோரமங்கலா கேந்திரிய சதனில் உள்ள தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய், பாலிஷ் எதுவும் போட வேண்டாம். மார்ச், ஏப்ரல் வறட்சியில் வெயில்படும் ஷோகேஸில் வைத்தால் மரமும் வெடிக்கும், தந்தமும் வெடிக்கும்.

இப்போது பின்பக்கப் போட்டோவை அனுப்புங்கள். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தோடு.