வார்டில் நின்றவள் எழுத வேண்டிய அத்தியாயம்

எடிசன், நியூ ஜெர்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நேற்று உன் அம்மா ஊரிலிருந்து பேசினாள். நைட் டூட்டி முடிந்து வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே நீ தூங்கிவிடுகிறாயாம். பாதி நாள் சீரியல்தான் சாப்பாடாம். இதெல்லாம் சொல்லி முடித்து, தயங்கித் தயங்கிக் கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். ஆய்வேட்டின் டிஸ்கஷன் அத்தியாயத்தை மட்டும் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்கள் யாரிடமோ கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறாயாம்.

உன்னைத் திட்ட வரவில்லை. பிள்ளை காய்ச்சலில் கிடந்த வாரத்திலும் வார்டுக்குப் போய்க் கணக்கெடுத்தவள் நீ. களைத்துப்போனவளுக்கு எந்தக் கதவு திறந்திருந்தாலும் அது வாசலாகத்தான் தெரியும். மாட்டிக்கொண்டால் பட்டம் போகும், லைசென்ஸுக்கும் ஆபத்து என்பது உனக்கே தெரியும், அதை நீட்டவில்லை. நான் சொல்ல வந்தது வேறு.

நீ அனுப்பிய முதல் நான்கு அத்தியாயங்களையும் படித்தேன். டாக்டரிடம் கேட்டுக் காத்திராமல், நிபந்தனை பொருந்தினால் நர்ஸே கதீட்டர் குழாயை எடுத்துவிடலாம் என்ற நெறிமுறையை உன் வார்டில் கொண்டுவந்திருக்கிறாய். முன்பு மூன்று சிறுநீர்த் தொற்று, பின்பு ஒன்று. காசுக்கு எழுதுகிறவர் இந்த அட்டவணையைப் பார்த்தால் என்ன எழுதுவார் தெரியுமா? "தொற்று 67 சதவீதம் குறைந்தது, திட்டம் பெரும் வெற்றி" என்று எழுதி, நாலு மேற்கோள் போட்டுக் கொடுத்துவிடுவார். கணக்கு சரிதான். ஆனால் அது இரண்டே இரண்டு நோயாளிகள், பாப்பா. அடுத்த மாதம் யாருக்கோ ஒரு தொற்று வந்தால் அந்த 67 எங்கே போகும்?

அதே அட்டவணையின் கீழ் வரிசையைப் பார். முன்பு 600 கதீட்டர் நாட்கள், பின்பு 400. ஆயிரம் கதீட்டர் நாளுக்கு என்று போட்டால் 5-லிருந்து 2.5. எண்ணிக்கை மூன்றில் ஒன்றாகிவிட்டது, விகிதமோ பாதியாகத்தான் இறங்கியிருக்கிறது. ஏன்? குழாய் இருந்த நாட்களையே நீங்கள் குறைத்துவிட்டீர்கள். அவசியமில்லாதவர்களிடமிருந்து எடுத்துவிட்டால், குழாயோடு மிஞ்சுவது பெரும்பாலும் ரொம்ப முடியாதவர்கள். அப்போது விகிதம் மந்தமாக இறங்கலாம், சில இடங்களில் ஏறவும் செய்யலாம். உன் உண்மையான சாதனை அந்த 200 நாட்கள். அத்தனை நாள் உடம்பில் குழாய் இல்லாமல் மனிதர்கள் எழுந்து நடந்திருக்கிறார்கள். அதை எண்ணிப் பார்க்க வார்டில் நின்றவளுக்குத்தான் தோன்றும்.

மற்றவர்களோடு ஒப்பிடும்போதும் கவனமாக இரு. 2016-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 603 மருத்துவமனைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்ததே, அதை எடுத்து வைத்துக்கொள். ஐசியு அல்லாத வார்டுகளில் தொற்று விகிதம் 2.28-லிருந்து 1.54-க்குக் குறைந்தது, ஐசியுக்களில் குறிப்பிடும்படி ஒன்றும் மாறவில்லை. உன் வார்டு தொடங்கியதே 5-ல். மோசமான காலாண்டைப் பார்த்துத்தானே அந்த வார்டை உனக்குக் கொடுத்தார்கள்? எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் கொஞ்சம் இறங்கியிருக்கக்கூடும். இதை நீயே முந்திக்கொண்டு எழுதிவிடு. கமிட்டி கேட்டு நீ விழிப்பதைவிட அது மேல்.

இரவு விஷயத்துக்கு வருகிறேன். எடுத்த கதீட்டர்களில் பெரும்பாலானவை பகல் ஷிஃப்டில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. நான்காம் அத்தியாயத்தில் ஒற்றை வரியாக அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாய். ஏன் இரவில் எடுக்கவில்லை என்று நீதான் போன மாதம் என்னிடம் சொன்னாய். இரவில் ஒரே ஒரு உதவியாளர். குழாயை எடுத்தால் படுக்கை நனையும், மாற்ற ஆள் இல்லை, நோயாளி தானே எழுந்து கழிப்பறைக்குப் போய் விழுந்துவிடுவாரோ என்ற பயம். இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு உன் தாளில் வேறு எதுவும் இல்லை! இப்படிப்பட்ட தர மேம்பாட்டு ஆய்வுகளை எழுத 2015-ல் வந்த ஸ்குவையர் 2.0 வழிகாட்டியில் டிஸ்கஷனுக்கு நான்கு பகுதிகள்: சுருக்கம், விளக்கம், வரம்புகள், முடிவுரை. விளக்கத்தில் அவர்கள் கேட்பதே இதைத்தான். எதிர்பார்த்ததும் நடந்ததும் எங்கே விலகின, அந்த இடத்தின் சூழல் அதில் என்ன செய்தது, என்ன செலவானது. மற்ற மூன்றையும் நீ ஒரே மாலையில் எழுதிவிடுவாய்.

நடந்ததை நடந்தபடி எழுதுவது என்றால், ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலை நினைத்துப் பார். 1854 நவம்பரில் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த முதல் குளிர்காலத்தில், அவர் அங்கே இருக்கும்போதே சாவு ஏறியது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியது. மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைக் கழுவி, காற்றோட்டம் செய்த பிறகுதான் சரிந்தது. ஊர் திரும்பி, புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரோடு உட்கார்ந்து கணக்கைப் பார்த்தபோது, தன் மருத்துவமனையிலேயே ஆட்களைக் கொன்றது அந்த அசுத்தம்தான் என்று அவருக்குத் தெளிவாயிற்று. உலகம் முழுக்கப் புகழ்ந்துகொண்டிருந்த நேரம் அது, அப்படியே விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. 1858-ல் தன் வரைபடங்களை அச்சிட்டது அந்தக் கணக்கைச் சொல்லத்தான்.

நான் வார்டில் வேலை பார்த்தபோது வைத்திருந்த நீல நோட்டைப் பற்றி நீ அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருப்பாய். தாத்தா உயிரோடு இருந்தவரை வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. இப்போது சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைத்து, யாருக்குப் படுக்கைப் புண் வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஏழு மாதம் எழுதினேன். ராத்திரியில் திருப்பியதெல்லாம் இரண்டு ஆயாம்மாக்கள்தான். எனக்கு மேலே இருந்தவர் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று நோட்டை வாங்கிப் போனார். எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு, காரணத்தை மட்டும் தன் இஷ்டப்படி எழுதினார். அப்போது புதிதாக வந்த களிம்பால் புண் குறைந்தது என்று கூட்டத்தில் வாசித்தார். என் பெயர் விட்டுப்போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது ஆறிவிட்டது. ஆறாதது வேறு. அதன் பிறகு வார்டுக்குக் களிம்பு வந்தது, ஆயாம்மாக்களை வேறு வேலைக்கு மாற்றினார்கள். மூன்றாம் மாதம் புண்கள் திரும்ப வந்தன. மூன்றாம் படுக்கையில் கிடந்த அந்தக் கிழவரின் முதுகு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அங்கே நிற்காத ஒருவர் காரணத்தை எழுதினால் இதுதான் நடக்கும். என்னிடமிருந்து அதைப் பிடுங்கினார்கள். நீ காசு கொடுத்துக் கொடுக்கப் பார்க்கிறாய். உன் தாளைப் படித்துவிட்டு இன்னொரு மருத்துவமனை அந்த நெறிமுறையை மட்டும் எடுத்துக்கொண்டு, இரவுக்கு ஆள் போடாமல் விட்டால், அங்கே எழுந்து விழப்போகிறவர் யார்?

முடிவு உன்னுடையதுதான், நான் கட்டாயப்படுத்தவில்லை. கொடுத்து எழுதி வாங்கி மே மாதம் மேடை ஏறலாம். அல்லது உன் அட்வைசரிடம் நிலைமையைச் சொல்லி, தேவைப்பட்டால் ஆகஸ்டுக்குத் தள்ளி, நீயே எழுதலாம். ஆகஸ்டில் வாங்கினாலும் அதே பட்டம்தான். போட்டோவில் அதே கவுன்தான். உன் அம்மா மே மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாள் என்று கவலைப்படாதே, அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

எழுதத் தொடங்கும்போது தாளைப் பார்க்காதே. என்னிடம் போனில் சொன்ன மாதிரி அந்த இரவைப் பற்றித் தமிழிலேயே பேசி ரெக்கார்ட் செய். ஆங்கிலத்துக்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

ரொம்பப் பேசிவிட்டேனோ. நீ எங்கள் வீட்டுப் பெண்களில் யாரும் தொடாத இடத்துக்கு வந்திருக்கிறாய், அந்த நான்கு அத்தியாயங்களைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியப்பாவிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமை காலையில் நாங்கள் வருகிறோம். பிள்ளையைப் பெரியப்பா பார்க்குக்குக் கூட்டிப் போவார். நான் புளிக்குழம்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்துவைக்கிறேன். பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கொண்டு வருகிறேன். நீ முதலில் நான்கு மணி நேரம் தூங்கு. எழுந்த பிறகு எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அந்த மஞ்சள் போர்வையை எடுத்து வெளியே வை, எனக்கு அது போதும்.

அன்புடன்,
உன் பெரியம்மா