வேலையை விடும் முன்...

கேள்வி: மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்றிருக்கிறோம். அதற்காக நான் வேலையை விட வேண்டும். ஃபீஸ் மிச்சமாகுமே, சமாளிக்க முடியுமா?
- வாசகி, கோவை

பதில்: மிச்சமாகும் ஃபீஸைவிட, நின்றுபோகும் உங்கள் சம்பளம்தான் பெரிய தொகை. ராஜினாமா கொடுக்கும் முன் ஆறு மாதம் கணவர் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்திப் பாருங்கள். உங்கள் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்குப் போகட்டும். 20ஆம் தேதிக்கு மேல் அதில் கைவைக்க நேர்ந்தால், இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்.

குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு உங்கள் அலுவலகம் வழியாக என்றால், வேலையோடு அதுவும் போய்விடும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இப்போதே தனி பாலிசி எடுங்கள்; பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு.

படிப்புச் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். பாட்டு, நீச்சல் என்று வெளியே அனுப்பும் வகுப்புகளில்தான் பணம் கரையும். 14 வயதானதும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து ஆண்டுகளுக்குள், முடிந்த பாடங்களை மட்டும் ஒவ்வொன்றாக எழுதலாம்.

பள்ளியிலிருந்து டி.சி. வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மகள் திரும்பப் பள்ளிக்குப் போக ஆசைப்பட்டால் தேவைப்படும்.