நம் வீட்டுச் சுவரும் நம் ஊர் மண்ணும்

உணவு, உடை, உறையுள் என்று மூன்றைக் கூறுவர். முதலிரண்டையும் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். உறையுள் எதனால் ஆனது, அப்பொருள் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

திண்டுக்கல் என்ற பெயரிலேயே கல் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் தொடங்கிய மலைக்கோட்டைக்குச் சிமெண்ட் தேவைப்படவில்லை. இன்றைய போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் உரிமம் பெறப்பட்டதே 1824இல்தான். அதற்கு முன்பு நம் கொத்தனார்களின் துணை சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு, நீரூற்றித் தாளித்து, மணலுடன் அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. சிமெண்டுக்கோ 1,450 டிகிரி வரை வெப்பம் வேண்டும். நம் மாவட்டத்துக் கரிக்காலியில் சுண்ணாம்புக் கல்லும் உண்டு, சிமெண்ட் ஆலையும் உண்டு.

இப்போது செங்கல்லுக்கு வருவோம். 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. 20 அடி நீளமும் 18 அடி அகலமும் கொண்ட ஒரு வீட்டுக்கு 10 அடி உயரமும் முக்கால் அடி கனமுமாக வெளிச்சுவர் எழுப்பினால் எத்தனை கல் வேண்டும்? நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். கதவு, சன்னல் போகச் சுமார் 14 கன மீட்டர் சுவர். கன மீட்டருக்கு 500 வீதம் 7,000 கற்கள். கல் ஒன்று 3 கிலோ என்றால் 21 டன்! அத்தனையும் ஏதோ ஒரு குளத்திலோ வயலிலோ வெட்டிய மண். வயலின் மேல்மண் ஒருமுறை போய்விட்டால், அது மீண்டும் உண்டாகப் பல தலைமுறைகள் செல்லும். குளத்து வண்டலை அளவோடு எடுத்தாலோ, குளமும் ஆழமாகும்.

மண்ணை ஊறவைத்து, மிதித்து, அச்சில் அறுத்து, வெயிலில் உலர்த்திக் காளவாசலில் அடுக்கிச் சுடுகிறார்கள். பச்சைக்கல்லில் மழை விழுந்தால் அத்தனை உழைப்பும் சேறுதான். ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னரே அறுப்புத் தொடங்கும். முன்பணம் வாங்கிய குடும்பங்கள் குழந்தைகளோடு சூளைக்கே குடிபெயர்கின்றன. அம்மாதங்களில்தான் நமக்கு ஆண்டுத் தேர்வும் வருகிறது என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. எனினும், பாதி ஆண்டில் பள்ளியை விட்டுப் போன சிறுமி அடுத்த ஆண்டு அதே வகுப்பில் வந்து அமர்வது எளிதன்று. மலிவான செங்கல் என்கிறோமே, அந்த மலிவில் அவளுடைய படிப்பும் அடங்கியிருக்கிறது.

மணலின் கதையும் இதைப் போன்றதே. குடகனாற்று மணல் வெள்ள நீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக் கரையோரக் கிணறுகளுக்கு ஊட்டுவது. மணலை அள்ளிவிட்டால் நீர் நில்லாமல் ஓடிவிடும். 2003இல் ஆற்று மணல் எடுப்பதை அரசே ஏற்றது. இன்று பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் பரவியுள்ளது. ஆறு தப்பியது நல்லதே. ஆனால் குவாரியின் தூசியும் வெடிச் சத்தமும் பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

இத்தொல்லை நமக்கு மட்டுமன்று. 1988ஆம் ஆண்டுப் போரில் பெரிதும் இடிந்த சோமாலியரின் ஹர்கெய்சா நகரம், வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பிய பணத்தால் மீண்டும் எழுந்தது. சிமெண்டோ பெரும்பாலும் கப்பலில் வர வேண்டியிருந்தது. அவர்களோடு ஒப்பிட்டால் சுண்ணாம்பும் கல்லும் களிமண்ணும் அருகிலேயே உள்ள நாம் பேறுபெற்றவர்கள்.

கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைப் பரப்பினார். அதில் ஏறக்குறைய கால் பங்கு கல் மிச்சமாகும். நம் 7,000 கல் வீட்டில் அது 1,750 கல். சுவரும் வெயிலைக் குறைவாகவே உள்ளே விடும். ஆனால் இம்முறை தெரிந்த கொத்தனார் வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் கற்களும் கடைக்கு வந்துவிட்டன. அவற்றுக்குச் சூளை வேண்டாம், மேல்மண்ணும் வேண்டாம். கூரையின் கீழ் ஆண்டு முழுவதும் வார்க்கலாம். எனவே வேலைக்கு வரும் குடும்பம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டியதில்லை. ஆனால் இயந்திரம் வார்ப்பதால் அங்கே ஆட்களும் சிலரே தேவைப்படுகின்றனர்.