கூடுதல் மரணம்: ஆண்களா, பெண்களா?

கேள்வி: கொரோனா காலத்துக் கூடுதல் மரணங்களில் ஆண்களே அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதாகப் படித்தேன். இந்தியாவில் பெண்களுக்குத்தான் பாதிப்பு அதிகம் என்கிறது வேறோர் ஆய்வு. எதை நம்புவது? இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பெருந்தொற்று வராமல் இருந்திருந்தால் அந்த ஆண்டில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று முந்தைய ஆண்டுகளின் போக்கை வைத்து மதிப்பிடுவார்கள். உண்மையில் இறந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பதே கூடுதல் மரணம். சான்றிதழில் கொரோனா என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பரிசோதனை செய்யாமல் வீட்டிலேயே இறந்தவரும், ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் மாரடைப்பில் போனவரும் இதில் அடக்கம். 2020, 2021 ஆண்டுகளில் உலகெங்கும் கூடுதல் மரணம் சுமார் 1.49 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கொரோனா மரணம் என்று நாடுகள் அறிவித்தவையோ ஏறத்தாழ 54 லட்சம்தான்.

வயதைப் பிரிக்காமல் இந்தக் கணக்கைப் போட்டால் தவறிவிடும். முதியோர் பெருகும் நாட்டில் தொற்றே இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் மரணங்கள் கூடும். அந்த இயல்பான உயர்வையும் தொற்றின் தலையில் கட்டிவிடக் கூடாது. இளைஞர்கள் கணக்கில் இதற்கு நேர்மாறான சிக்கல். ஊரடங்கில் வண்டிகள் ஓடாததால் 2020-ல் இந்தியாவில் சாலை விபத்து மரணங்கள் குறைந்தன. அந்தக் குறைவு, அதே வயதினரிடையே தொற்றால் நேர்ந்த மரணங்களை ஓரளவு மறைத்துவிடும்.

இனி ஆண், பெண் கணக்கு. ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அறுபதுகளில் இருக்கும் ஆண்களில் 200 பேரும் பெண்களில் 120 பேரும் வழக்கமாக ஓராண்டில் இறப்பார்கள். தொற்று ஆண்டில் அது 240 ஆகவும் 150 ஆகவும் உயர்கிறது. தலைக்கணக்கில் ஆண்களே அதிகம்: 40 பேர், பெண்களில் 30 பேர். வழக்கத்தைவிட எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்தால் ஆண்களுக்கு 20 சதவீதம், பெண்களுக்கு 25. ஏறக்குறைய எல்லா வயதிலும் ஆண்களின் இறப்பு விகிதம் இயல்பிலேயே கூடுதல் என்பதால் இந்த முரண் வருகிறது.

நீங்கள் படித்த இரண்டும் இப்படி வெவ்வேறு அளவுகோல்கள். உலகக் கூடுதல் மரணங்களில் 57 சதவீதம் ஆண்கள் என்பது தலைக்கணக்கு. நீங்கள் குறிப்பிடும் இந்திய ஆய்வு, 2024-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்ததாக இருக்கலாம். அது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் தரவைக் கொண்டு 2020-ஐ 2019-உடன் ஒப்பிட்டு, ஆயுள் எதிர்பார்ப்பு பெண்களுக்கு 3.1 ஆண்டும் ஆண்களுக்கு 2.1 ஆண்டும் குறைந்ததாகச் சொன்னது. பல நாடுகளில் ஆண்களுக்கே சரிவு அதிகம் என்பதால் இந்த முடிவு கவனம் பெற்றது. வீட்டிலும் மருத்துவத்திலும் பெண்களுக்குள்ள பாரபட்சத்தை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டினார்கள். மத்திய அரசு அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. ஆகவே ஒன்றை நம்பினால் மற்றதைத் தள்ள வேண்டும் என்பதில்லை. எண்ணிக்கையா, விகிதமா, எந்த ஆண்டோடு ஒப்பீடு என்பதை முதலில் பாருங்கள்.

இந்தச் சர்ச்சைகளுக்கெல்லாம் அடியில் இருப்பது பதிவுக் குறைபாடு. நம் நாட்டில் பெண்களின் மரணம் ஆண்களுடையதைவிடக் குறைவாகவே பதிவாகிறது. சொத்து, காப்பீடு, ஓய்வூதியம் என்று சான்றிதழ் தேவைப்படும் விஷயங்கள் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பது ஒரு காரணம். பதிவேட்டை மட்டும் நம்பினால் பெண்களின் இழப்பு சிறிதாகவே தெரியும். பதிவு செய்யும் பழக்கம் திடீரென்று கூடினாலோ, மரணமே கூடியதுபோலத் தோன்றும். அதனால்தான் கணக்கெடுப்பு, மாதிரிப் பதிவு முறை ஆகியவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

வீட்டில் யார் இறந்தாலும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பெயரில் சொத்து இல்லாத பாட்டிக்கும் அது பொருந்தும்.